ஏணிக்கால்

தலை சுற்றுவதை மனைவியிடம் சொல்வதில்லை. இதுதான் நான் எடுத்த முடிவு. சாதாரண முடிவல்ல. நாற்பத்தொரு வருடம் கொத்தனாராக இருந்து, ஏணியில் ஒரு தடவைகூடச் சறுக்காதவன் எடுத்த முடிவு.

வயது அறுபத்தொன்பது. காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் அறை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கும். முதலில் தரைதான் ஒரு பக்கம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவில் நின்றது. தரை சரி. ஆள்தான் சரியில்லை.

சொன்னால் என் ஏணி போய்விடும். பதினான்கு படி, நானே செய்தது. தெருவில் யார் வீட்டில் ஓடு நழுவினாலும் என்னைக் கூப்பிடுவது அந்த ஏணிக்காகத்தான். அது போனால் நான் வெறும் கிழவன்.

அதனால் கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரைத் தட்டிக்கொண்டும் தடவிக்கொண்டும் நடந்தேன். அவள் கேட்டால், பூச்சு பார்க்கிறேன் என்றேன்.

"தினம் காலையிலயா பூச்சு பெயரும்?"

"காலையிலதான் சத்தம் சுத்தமா கேக்கும்."

"ஓஹோ" என்றாள். நம்பிவிட்டாள்.

இருபத்தாறாம் நாள் அவளே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும், கோபப்படக் கூடாது. எனக்குக் கொஞ்ச நாளா தலை சுத்துதுங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. சுற்றுவது அவளுக்கு, தாங்குவது நான். நெஞ்சு நிமிர்ந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன். அது அப்புறம், முதலில் குளியலறை வரை பிடித்துக்கொண்டு நடக்கச் சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும் என்றாள். கடைக் கட்டை மட்டும் வேண்டாமாம், கையில் சிலாம்பு ஏறுமாம்.

வீட்டில் வழவழப்பான கட்டை ஒன்றுதான் இருந்தது. நாற்பத்தொரு வருடம் என் உள்ளங்கை இழைத்த ஏணிக்கால். ஆறு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் விழுந்தால்? ரம்பத்தை எடுத்தேன்.

"ஐயோ, உங்க ஏணியாச்சே. வேண்டாங்க."

"பேசாம இரு. உன்னைவிட ஏணி பெருசா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஏணியின் ஒரு காலைக் கழற்றி, படி செருகிய துளைகளை அடைத்தேன். உயரத்தில்தான் தகராறு. அவள் உயரத்துக்கு முப்பத்திரண்டு அங்குலம் என்பது என் கணக்கு. முப்பத்தேழு என்றாள் அவள். தலை சுற்றுவது உங்களுக்கா எனக்கா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? முப்பத்தேழிலேயே அடித்தேன். ஒன்பது அடி, ஐந்து தாங்கி.

மறுநாள் காலை எழுந்ததும் அறை சுற்றியது. கை தானாக நீண்டது. கைப்பிடி அங்கேயே இருந்தது, எனக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அப்போது அவள் நிறைந்த வாளியோடு, எதையும் பிடிக்காமல், என்னைத் தாண்டி விறுவிறுவென்று போனாள்.

"உனக்குத் தலை சுத்தலையா?"

"எனக்கு எதுக்குச் சுத்தணும்?" வாளியை இறக்கி வைத்தாள். "போன மாசம் வெள்ளையடிச்ச சுவர்ல உங்க கைத்தடம் எண்பத்திமூணு. நாடா வச்சு அளந்தேன். எல்லாம் முப்பத்தேழுலதான். ஒண்ணுகூட ஏறி இறங்கல. கொத்தனார் கையாச்சே. பத்து மணிக்கு டாக்டர், சட்டையை மாத்துங்க."

"நேரா சொல்றதுதானே?"

"சொல்லியிருந்தா உங்க கையாலயே ஏணியைக் கழட்டியிருப்பீங்களா?"

தோற்றாலும் மட்டம் பார்க்காமல் விட முடியுமா? ரசமட்டத்தைக் கைப்பிடிமேல் வைத்தேன். ஒன்பது அடிக்கும் குமிழ் நடுவை விட்டு அசையவில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இன்னொரு கால் பத்திரமாக இருக்கிறது, புதிதாக ஒரு கால் போட்டால் ஏணி எழுந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

குளியலறைக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த இன்னொரு கால் அங்கே சாய்ந்திருந்தது. அதன் பக்கத்துச் சுவரில் முப்பத்தேழு அங்குலத்தில் பென்சில் கோடு போட்டிருந்தாள்.