தவளைக்கு என்ன சாதி?

எனக்கு வாய் ஜாஸ்தி. அம்மா சொன்னாள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சொன்னார்கள், கல்யாணமான மூன்றாம் நாளே என் கணவரும் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர வேண்டிய இடத்தில் நின்று நிதானமாகப் பாடம் நடத்துவேன். இதனால் பல இடங்களில் அசடு வழிந்திருக்கிறேன். ஆனால் வெட்டிப் போட்ட ஒரு புளியமரத்தின் முன்னால், ஊர்க் கூட்டத்துக்கு நடுவே நான் பட்ட பாடு இருக்கிறதே, அது தனி.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த காலம். நான் சென்னையில் தவளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். (சிரிக்காதீர்கள். மணலூர்பேட்டையில் கேட்டவர்களுக்கெல்லாம் என் அப்பா, "டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். எதற்கு டாக்டர் என்று நல்லவேளையாக ஒருவரும் கேட்கவில்லை.)

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால், பாறை இடுக்கில் வாழும் ஒரு சின்னத் தவளை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது மிச்சமிருந்தது இரண்டே ஓடைகளில். மேலோடை, கீழோடை என்று நாங்களாகவே பெயர் வைத்திருந்தோம். மேலோடையை மறித்து ஒரு தோட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. "அதே தவளைதான் கீழோடையிலும் இருக்கிறதே, மேலே போனால் என்ன?" என்று அதிகாரிகள் கேட்டார்கள்.

அதே தவளைதானா என்பதில் எங்கள் பேராசிரியைக்குச் சந்தேகம். கண்ணால் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் ரத்தத்தில் உள்ள புரதங்களைக் கூழ் போன்ற ஒரு பொருளில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அவை வரிவரியாகப் பிரிந்து நிற்கும். பரம்பரையாக வருகிற அடையாளம் அந்த வரிகள். மரபுக் குறிகள் என்போம். இரண்டு ஓடைத் தவளைகளுக்கும் வரிகள் வேறு வேறாக இருந்தால் மேலோடைத் தவளை தனி இனம். ஓடையை மறித்தால் அந்த இனமே பூண்டோடு போய்விடும். ஆக, அதன் தலையெழுத்தே அந்த வரிகளில்தான் இருந்தது.

மலையில் ஐஸ் கிடைக்காது, ரத்தத்தை எடுத்து வைத்தால் கெட்டுவிடும். அதனால் தவளைகளையே உயிரோடு சென்னைக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தோம். ஓடைக்கு ஒன்றாக இரண்டு மண்பானைகள். உள்ளே ஈரப் பாசி, வாயில் ஈரத்துணி. மேலோடைப் பானைக்கு அடையாளமாகச் சிவப்பு நாடா கட்டினேன்.

ஜீப் ஓட்டிய கோவிந்தன் அண்ணன் வெள்ளிமலைக்காரர். "மறியல்னு பேசிக்கிறாங்கம்மா. ரெண்டு நாளு கழிச்சிப் போலாமே" என்றார்.

"தவளைக்கும் மறியலுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்றேன். (புத்திசாலி!)

மலை இறங்கி, கள்ளக்குறிச்சிக்குப் போகும் வழியிலேயே அந்தப் புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் பெயர் தணிகாசலம். பக்கத்து ஊரில் கரும்பு போடுகிறவர். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா பானைல?"

"தவளை."

"துன்றதுக்கா?"

"இல்லீங்க, ஆராய்ச்சிக்கு."

புத்தியுள்ள எவளும் இந்த இடத்தில் வாயை மூடியிருப்பாள். நானோ அறிவியலை எளிய தமிழில் மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்ற வெறியில் இருந்த வயது. 'இனம்' என்றால் புரியாது என்று நானாகவே முடிவு செய்தேன். மாட்டுக்கும் மாங்காய்க்கும் ஊரில் சொல்கிற சொல்லையே எடுத்துவிட்டேன்.

"ரெண்டு பானையில இருக்கறதும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா சாதி வேற. ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாப் போதும். எது எந்தச் சாதின்னு புட்டுப் புட்டு வெச்சிடுவோம்!"

அவ்வளவுதான். முன்வரிசையில் ஒருவர் பின்னால் திரும்பிச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது தவளை காணாமல் போயிருந்தது. "ரத்தம் எடுத்து சாதி பாக்குறதுக்கு கவர்மெண்டு டாக்டரம்மாவ அனுப்பிக்குது!"

பாதிப் பேர் ஜீப்பைத் திருப்பச் சொல்லிக் கத்தினார்கள். மீதிப் பேர் செய்ததை நான் எதிர்பார்க்கவேயில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"எடுத்துக்கம்மா. நாங்க எத்தினி பேரு கீறோம்னு கணக்குல வரட்டும். கம்மியாக் காட்டிக்கினே கீறானுங்க" என்று ஒரு பெரியவர் நரம்பு புடைத்த கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

சாலையோரத்தில் களைக்கொத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கூலி வேலைக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டவள். வரிசையில் வரச் சொல்லி யாரோ கூப்பிட, அவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

"எங்களுது வாணாம்மா. எங்க சாதி இன்னான்னு ரத்தம் எடுக்காமயே அல்லாருக்கும் தெரியும்."

ஜீப்பின் படியில் ஏறி நின்று, "ஐயோ, தப்பாச் சொல்லிட்டேன்! தவளைக்குத்தான் அப்படி. மனுஷங்க ரத்தத்துல சாதியெல்லாம் கிடையாது! எடுத்துப் பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அதுதான். கேட்க நாதியில்லை.

தணிகாசலம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"மணலூர்பேட்டைங்க."

"யாரு வூட்டுப் பொண்ணு?"

எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? "கணக்கு வாத்தியார் வீடு" என்றேன்.

"பாருய்யா! தவளையோடத கேக்குது, தன்னோடத கேட்டா மழுப்புது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

தவளைதான் என்று நிரூபித்தே தீர வேண்டும் என்ற ஆவேசத்தில் இரண்டு பானைகளின் துணியையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தேன். காலையிலிருந்து ஜீப்பில் குலுங்கிய தவளைகள் அதற்காகவே காத்திருந்தன. ஒன்று பெரியவரின் சட்டைப் பைக்குள் குதித்தது. ஒன்று தணிகாசலத்தின் தோள் துண்டில் உட்கார்ந்துகொண்டது. "மிதிக்காதீங்க! மிதிக்காதீங்க!" என்று நான் அலறிய அலறலில் மறியலை மறந்து ஊரே குனிந்து தவளை பிடித்தது. ஒன்றுகூட விடாமல் பிடித்துத் தந்தார்கள். அத்தனையையும் கிடைத்த பானையில் போட்டுத் தந்தார்கள். சிவப்பு நாடா யார் காலடியிலோ கிடந்தது.

"எல்லாம் சரியாக் கீதா? இப்ப எது மேலோடை, எது கீழோடை?" என்றார் தணிகாசலம்.

"தெரியலிங்க."

"நீதானம்மா புட்டுப் புட்டு வெப்பேன்னே?"

புளியமரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். சென்னைக்கு வழியில்லை. திரும்பவும் ஓடையில் விடலாம் என்றால் எதை எந்த ஓடையில் விடுவது? மாற்றி விட்டால் இரண்டு இனமும் கலந்து, காப்பாற்ற வந்த நானே அழித்தவளாவேன். பானையிலேயே வைத்திருந்தால் வெயிலில் செத்துப்போகும். இதை மூக்கை உறிஞ்சிக்கொண்டே தணிகாசலத்திடம் சொன்னேன்.

"அட, இதுக்கா அழுவுற? எங்க மோட்டார் கொட்டாய்ல தொட்டி கீது. நெழலு, ஜில்லுனு தண்ணி. மறியல் முடியறவரிக்கும் அதுல கெடக்கட்டும்" என்றார்.

மறியல் முடிகிறவரை அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அவர் மனைவி தொட்டிக்குக் கொசுவலை கட்டித் தந்தார். களைக்கொத்தோடு நின்ற அந்தப் பெண் அவர்கள் கரும்புக் கொல்லையில் வேலை செய்பவள்தான். பெயர் அஞ்சலை. தவளைகளுக்குப் பூச்சி பிடித்து வந்து போடுவாள், வீட்டுப் படி மட்டும் ஏறமாட்டாள். இதற்கிடையில் தடியடி நடந்து தணிகாசலம் அண்ணனைத் தலையில் கட்டோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் உயிர்களும் போயின. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனம் வராது.

சாலை திறந்ததும் தவளைகளோடு சென்னைக்கு ஓடினேன். பேராசிரியை திட்டி முடித்ததும், ஒவ்வொன்றிடமும் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தோம். வரிகள் இரண்டு விதமாகப் பளிச்சென்று பிரிந்து நின்றன. மறுபடி மலையேறி, ஒவ்வோர் ஓடையிலும் சில தவளைகளைத் தனித்தனியாகப் பிடித்து வந்து ஒப்பிட்டோம். மேலோடையில் ஒரு விதம், கீழோடையில் மற்றொரு விதம், கலப்பே இல்லை. நான் கலந்து வைத்த ஒவ்வொரு தவளைக்கும் அதன் சொந்த ஓடை எது என்று அந்த வரிகளே சொல்லிவிட்டன. கோவிந்தன் அண்ணனும் நானும் போய் அததை அதனதன் ஓடையில் விட்டோம். மேலோடை தவளைக்கே என்று முடிவாகி, தண்ணீரைத் திருப்பும் ஏற்பாடு நின்றது.

தணிகாசலம் அண்ணன் ஜெயிலிலிருந்து வந்த பிறகு செய்தி சொல்லப் போனேன். மோட்டார் கொட்டாய் வாசலில் உட்கார்ந்திருந்தார். தையல் போட்ட இடத்தில் முடி முளைத்திருக்கவில்லை. நான் வாயெல்லாம் பல்லாக விவரம் சொன்னதும், "அப்போ தவளைக்கு இட ஒதுக்கீடு கெடைச்சிட்சி!" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. "தவளைக்கு இட ஒதுக்கீடு வாங்கிக் கொடுத்தவள்" என்றுதான் என் கணவர் என்னை அறிமுகப்படுத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துக் கதையை அங்கேயே முடித்துவிடப் பார்ப்பேன். என் மகள்தான் விடமாட்டாள். "மிச்சத்தையும் சொல்லும்மா" என்பாள்.

மிச்சம் இதுதான். சிரித்து ஓய்ந்ததும் தணிகாசலம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, தவளை ரத்தத்துல வித்தியாசம் இருந்துச்சி, தனியா எடம் ஒதுக்கினாங்க. செரி. மனுசன் ரத்தத்துல ஒண்ணும் இல்லேன்னு நீதானே சொன்னே. அப்புறம் இன்னாத்தப் பாத்து எங்கள இத்தினி காலமா ஒதுக்கி வெச்சானுங்க?"

வரப்புக்கு அந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்தாள்.

"நானும் அதையேதான் உன்னக் கேக்கணும்னு கீறேன், சாமி" என்றாள் அவரிடம்.