சனிக்குப் போன எள்ளுச்சோறு

லண்டன் இல்ஃபோர்டில் இருந்து ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போக எலிசபெத் லைன் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். சனிக்கிரகத்துக்குப் போக இருபது நிமிடம் போதும். நம்பாதவர்கள் போன மாசி மாதம் எங்கள் தெருமுனைக்கு வந்து, மூடிக் கிடந்த கம்பளக் கடை வாசலைப் பார்த்திருக்க வேண்டும். கியூ பஸ் தரிப்பு வரை நின்றது. சட்டனில் இருந்து வந்தவர்கள், சவுத்தாலில் இருந்து வந்தவர்கள், எல்லார் கையிலும் சனி பகவானுக்கு எள்ளுச்சோறு. போட்டு வந்த பாத்திரம் பழைய ஐஸ்கிரீம் டப்பா. மூடியில் டேப் ஒட்டி அவரவர் பெயரை எழுதியிருந்தார்கள். சாப்பிடுவது சனி பகவானே என்றாலும் டப்பா வீட்டுக்குத் திரும்ப வேண்டும் அல்லவா.

உள்ளே நின்றது விண்கப்பல். கட்டியது யார் தெரியுமா? விக்டோரியா மகாராணி காலத்தில் ஓர் ஆங்கிலப் பிரபுவும் ஒரு கீரிமலைச் சித்தரும் கூட்டாகச் சேர்ந்து கட்டியதாம். பித்தளைக் குழாய், வெல்வெட் இருக்கை, வட்ட ஜன்னல். நீராவியில் ஓடும், நீராவி போதாத இடத்தில் மந்திரத்தில் ஓடும். சித்தர் மட்டும் கட்டினார் என்றால் எங்கள் சனம் அத்தாட்சி கேட்டிருக்கும். கூட ஒரு வெள்ளைக்காரப் பிரபு என்றதும் பேர்ஸ் தானாகத் திறந்தது.

ஓட்டுபவர் கப்டன் ககனானந்தா. தலையில் உயரமான கறுப்புத் தொப்பி, உடம்பில் வால் வைத்த கோட்டு, இடுப்புக்குக் கீழே வேட்டி. ஏழரைச் சனி பிடித்தவர்களை நேரே சனியிடமே கூட்டிப்போய்ச் சமாதானம் பேசி வைப்பது அவர் தொழில்.

கியூவில் நானும் நின்றேன். என் பெயர் செபமாலைமுத்து. ஊர் மன்னார். இங்கே மினிகாப் டாக்சி ஓடுகிறேன். ஞாயிறு தவறாமல் மாதா கோவில் பூசைக்குப் போகிறவன். ஆனால் முழங்கால் வலி ஆறு மாதமாக விடவில்லை. நாங்கள் வேதக்காரர், எங்களைப் பிடிக்கக்கூடாது என்று சனிக்கு ஒருவரும் சொல்லவில்லையோ என்னவோ.

அன்று என் காரில் பாலசுப்பிரமணியனையும் அவர் மனைவி துசியந்தியையும் மகள் கம்சிகாவையும் ஏற்றி வந்தேன். பாலாவுக்கு இருதயத்தில் அடைப்பு. செவ்வாய்க்கிழமை பைபாஸ் ஒப்பரேசன்.

"ஏழரைச் சனி நடக்கேக்கை நெஞ்சிலை கத்தி வைக்கக் கூடாது எண்டு கப்டன் சொல்லிப்போட்டார்" என்றார் பாலா. "இண்டைக்கு உத்தரவு கேப்பம். வேண்டாம் எண்டு வந்தால் திங்கள் காலமையே ஹொஸ்பிட்டலுக்குப் போன் அடிச்சு ஒப்பரேசனை நிப்பாட்டிப்போடுவன்."

"இனிப் பொறுக்க ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர் அப்பா" என்றாள் கம்சிகா. பதின்மூன்று வயது.

"டொக்டர் சனிக்குப் போய் வந்தவரே?"

உத்தரவு எப்படி வரும் என்பது ஊருக்கே தெரியும். இதுவரை போனவர்கள் எல்லாருக்கும் சனி பகவான் சொன்னது, இன்னும் மூன்று தடவை வா என்பதுதான். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. முன் சீட்டில் என் டப்பாவும் இருந்ததே, எந்த முகத்தோடு திறப்பேன்?

வாசலில் கம்சிகா கப்டனையே மறித்தாள்.

"கப்டன், வெளிச்சமே சனிக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேலை எடுக்கும். நீங்கள் எப்பிடி இருவது நிமிசத்திலை போறியள்?"

கப்டன் தொப்பியைக் கழற்றி மாட்டினார். "வெளிச்சத்துக்கு மந்திரம் தெரியாது பிள்ளை."

கியூ முழுக்கக் கைதட்டியது. கேள்வி கேட்டவளுக்குக் கிடைத்தது தாயின் கிள்ளல்.

கப்பலுக்குள் போன் கொண்டு போகக்கூடாது. கூடையில் போட வேண்டும். கம்சிகா வேலை செய்யாத ஒரு பழைய போனைக் கூடையில் போட்டுவிட்டு என் பக்கம் வந்தாள்.

"மாமா, நீங்கள் அடுத்த ட்ரிப் தானே? சரியா நாலு இருவத்தைஞ்சுக்கு என்ரை நம்பருக்கு அடியுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ. ஆர் எடுத்தாலும், எங்கை நிக்கிறியள் எண்டு கேளுங்கோ."

"உன்ரை போன் எங்கை பிள்ளை?"

"அது சனிக்குப் போகுது மாமா" என்று டப்பாவைத் தட்டினாள். பொலித்தீன் பையில் சுற்றி, எள்ளுச்சோற்றுக்கு அடியில் வைத்திருந்தாள்.

நாலு மணிக்குக் கதவு மூடியது. உள்ளே நடந்ததைப் பிறகு கம்சிகாதான் சொன்னாள். இருக்கைகள் குலுங்கின. ஜன்னலில் நட்சத்திரங்கள் ஓடின. நீராவியில் சாம்பிராணி மணத்தது. தகப்பன் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சைப் பிடித்தபடி இருந்தார். நாலு இருபதுக்கு மணி அடித்தது. "சனிக்கிரகம் வந்திட்டுது, வெளியிலை குளிர், ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்றார் கப்டன். சுவரில் ஒரு சிறிய பித்தளைக் கதவு திறந்தது. பன்னிரண்டு டப்பாவும் அதன் வழியாகச் சனி பகவானிடம் போயின.

நாலு இருபத்தைந்துக்கு நான் அடித்தேன். ஐந்து தடவை மணி போனது. யாரோ எடுத்தார்கள். வாய் நிறையச் சோறு.

"ஹலோ?"

"எங்கை நிக்கிறியள்?"

எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் யோசித்துப் பதில் சொல்ல மாட்டார்கள். வாய் தானாகச் சொல்லிவிடும்.

"இஞ்சை இல்ஃபோர்டிலை தான். கம்பளக் கடைக்குப் பின்பக்கம். ஆர் கதைக்கிறது?"

கியூ அப்படியே உறைந்தது. எனக்கும் பழக்கம் விடவில்லை. "சாப்பிட்டியளோ?" என்று கேட்டுவிட்டேன்.

"சாப்பிட்டுக்கொண்டு தான் இருக்கிறன். எள்ளுச்சோறு. உப்புக் காணாது."

"ஆற்றை சோறு?"

"மூடியிலை துசியந்தி எண்டு கிடக்கு."

இந்தக் குரல் பித்தளைக் கதவு வழியாகக் கப்பலுக்குள்ளும் கேட்டிருக்கிறது. துசியந்தி ஏமாற்றத்தைக் கூடப் பொறுத்திருப்பாள். உப்புக் காணாது என்றதைப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அந்தப் பித்தளைக் கதவை ஒரே இழுவையில் முழுக்கத் திறந்தாள். வெளியே நின்ற நாங்கள் கடையின் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். நடுவில் ஸ்டூலில் ஒரு மனிதர். ஒரு கையில் கரண்டி, மறுகையில் கம்சிகாவின் போன். பக்கத்தில் இருக்கைகளைக் குலுக்கும் மெசின். ஏதோ கடற்கரைக் கேளிக்கைப் பூங்காவில் பழசென்று கழித்து விட்டதாம். ஆள் கப்டனின் மச்சான்.

கப்டன் அசரவில்லை. "பக்தர்களே, சனி பகவான் மனித உருவிலை இறங்கியிருக்கிறார்" என்றார். பின்னால் ஒரு பெண் உண்மையாகவே கைகூப்பினாள். என்ன சனம் ஐயா.

"அப்ப அவரிட்டையே கேளுங்கோ அப்பா" என்றாள் கம்சிகா. "ஒப்பரேசன் செய்யலாமோ எண்டு."

பாலா கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். "தம்பி, எனக்கு நெஞ்சிலை அடைப்பு. செவ்வாய்க்கிழமை பைபாஸ். செய்யலாமோ?"

மச்சான் கரண்டியைக் கீழே வைத்தார். கப்டனைப் பார்த்தார். பிறகு சேர்ட்டின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். நெஞ்சின் நடுவே கழுத்தடியில் இருந்து நீளமான தழும்பு.

"போன வருசம் எனக்கும் செய்தவை அண்ணை. விசர்க்கதை கேக்காமல் போய்ச் செய்யுங்கோ."

"உமக்குச் சனி நடக்கேல்லையோ?"

"எனக்கும் ஏழரை தான். நெஞ்சு வலிச்ச அண்டைக்கு அம்புலன்சுக்குப் போன் அடிச்சதே எங்கடை கப்டன் தான்."

அதற்குப் பிறகு ஒருவரும் கப்டனின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் டப்பாவைத் தேடினார்கள்.

செவ்வாய்க்கிழமை பாலாவை நான்தான் ஹொஸ்பிட்டலில் இறக்கினேன். வெள்ளிக்கிழமை கம்சிகாவுக்குப் போன் வந்தது. "பிள்ளை, எங்கை நிக்கிறாய்?" என்று தகப்பன் கேட்டாராம். அவள் அழுதுவிட்டாள். நானும்தான், ஏன் மறைப்பான்.

கப்டன் இப்போது சட்டனில், ராகு கேதுவுக்கு ஒரு விக்டோரியா காலத்து நீர்மூழ்கிக் கப்பல் வைத்திருப்பதாகக் கேள்வி. அன்றைய கியூவில் நின்ற இரண்டு பேரே அங்கே போக என் காரைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நெற்றிக்கு விபூதி பூசுங்கள், என்னைப் போலச் சிலுவை போடுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் அந்த நெற்றிக்கு உள்ளே ஒன்று இருக்கிறது. கிழமைக்கு ஒருநாளாவது, வேண்டுமானால் சனிக்கிழமையே பார்த்து, அதையும் எடுத்துப் பாவியுங்கள்.