வாசக்கால் மரமும் அப்பா செய்த ரம்பம் ஒட்டும் மெஷினும்

சிதம்பரம்,
ஆவணி, 2010.
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய கார்த்திகேசன் மாமாவுக்கு, தமிழ்ச்செல்வி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். மெஷினும் இப்போது சுகம். அங்கு நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள், கோபம் மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று நீங்கள், "வெள்ளிக்கெழம வாசக்கா வெக்கணும், மரம் எங்கம்மா?" என்று கேட்டதும் என் வாயில், "நல்லா இருக்கேன் மாமா" என்றுதான் வந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு, "நம்ம வம்சத்துலயே டிகிரி வாங்குன ஒரே ஆளு நீதான். நீயே எழுதிப் புரியவை. மச்சான் மட்டும் மரத்தத் தூக்கிக்கிட்டு சபாபதி பட்டறைக்குப் போயிட்டா, நான் இந்த ரோட்டுல தலகாட்ட முடியாது" என்றார். நம் மரம் அறுக்கும் பட்டறைக்கு எதிர்ப் பட்டறைக்காரர் சபாபதியோடு அப்பாவுக்குப் பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். உங்கள் தேக்கைப் பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது மெஷினில் ஓடும் பட்டை ரம்பம் அறுந்துவிட்டது. வளையமாகச் சுற்றவேண்டியது, நீளமாகக் கிடந்தது. அறுந்தால் கடலூருக்குக் கொண்டுபோய் ஒட்டிவருவதுதான் வழக்கம். அதைச் சுருட்டிக் கட்டி பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர், "யோவ், பல்லு வெச்ச சாமானெல்லாம் டாப்புல போடுய்யா" என்பார். இந்த முறை போனால், ஒட்டுகிறவர் கடையைப் பூட்டிவிட்டு மகள் கல்யாணத்துக்காகத் திருவந்திபுரம் போயிருந்தார். அப்பா அங்கேயும் போய், மொய் வைத்து, பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரரிடம் ரம்பம் ஒட்டும் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று விசாரித்தார். ரசம் வருவதற்குள் முழு விவரமும் கிடைத்துவிட்டதாம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாய், "ரெண்டு செம்புக்கட்ட, ஒரு டிரான்ஸ்பார்மர், அவ்ளோதான் சங்கதி. நீ பிசிக்ஸ்தானே படிச்ச?" என்றார். படித்தேன் மாமா. முப்பட்டகத்தின் விலகு கோணம்தான் எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்ல வந்து, "ஆமாம்ப்பா" என்றேன்.

காயலான் கடையில் கிடைத்த பழைய வெல்டிங் மெஷினைப் பிரித்து அப்பா தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினார். நெருக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங், பட்டறையில் வேலை செய்யும் கொளஞ்சியின் சைக்கிள் சீட்டிலிருந்து வந்தது. அவன் இப்போது நின்றுகொண்டே ஓட்டுகிறான். அடிப்பலகை, நீங்கள் அம்மாவுக்குச் சீராகக் கொடுத்த மணைப்பலகை. இதில் உங்கள் பங்கும் இருக்கிறது என்று எழுதச் சொன்னார் அப்பா. அறுந்த ரம்பத்தின் இரண்டு முனைகளையும் இரண்டு செம்புக்கட்டைகளில் கவ்வவைத்து, ஒன்றோடொன்று முட்டும்படி நெருக்கிக் கரண்டு விட்டால், முட்டுகிற இடம் பழுத்து ஒன்றாகிவிட வேண்டும்.

அம்மா காலண்டரைக் கையில் எடுத்தார். நல்ல நேரம் வந்தால் கரண்டு போகிறது, கரண்டு வந்தால் ராகுகாலம் வருகிறது. இரண்டும் முகம் பார்த்துக்கொள்வதே இல்லை. கடைசியில் அப்பா, "கரண்டு இருக்கற நேரந்தான் நல்ல நேரம்" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நேரத்தில் உள்ள குறையைச் சந்தனத்தில் சரிக்கட்டினார். செம்புக்கட்டை இரண்டிலும், ரம்பத்தின் முனைகளிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டார். சுவிட்சைப் போட்டதும் மெஷின் முனகியது, புகை வந்தது, பட்டறை முழுக்கக் கமகமவென்று மணத்தது, ரம்பம் மட்டும் ஒட்டவில்லை. "சந்தனம் பத்தல" என்று அம்மா இன்னொரு பூச்சுப் பூசினார். கொளஞ்சி, "அம்மா, கல்யாணத்துக்கு வந்தாப்புல இருக்கு. பன்னீர்தான் கொற" என்றான்.

மாமா, காய்ந்த சந்தனத்தைத் தாண்டிக் கரண்டு போகாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் நான் சொல்வது எனக்கே பாதிதான் கேட்கும். அம்மா திரும்பி, "என்னாடி முணுமுணுக்கற? நல்லதா நாலு வார்த்த சத்தமா சொல்லு" என்றதும் விட்டுவிட்டேன். எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் என் துப்பட்டாவால் அவ்வளவையும் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பொட்டுகளை டிரான்ஸ்பார்மர் பெட்டியின் மேல் இடம் மாற்றிவிட்டேன். அடுத்த தடவை சுவிட்சைப் போட்டதும் பொறி பறந்தது, முனைகள் மிளகாய்ப்பழம்போலச் சிவந்தன, ஒட்டிக்கொண்டன. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாத்தீங்களா, ரெண்டாவது பூச்சுலதான் சாமி கண்ணத் தொறந்துச்சு" என்றார். துப்பட்டா விஷயம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒட்டிய ரம்பத்தை மெஷினுக்குக் கொண்டுபோகலாம் என்று இழுத்தால், வரவில்லை. பிறகுதான் பார்த்தோம். வளையத்துக்குள் கொட்டகைத் தூண் நின்றுகொண்டிருந்தது. ரம்பம் நழுவாமல் இருக்கத் தூணைச் சுற்றிப் போடச் சொன்னது யார் என்று விசாரணை தொடங்கியது. அப்பாதான் சொன்னார் என்று தெரிந்ததும் விசாரணை நின்றது.

"மொதலாளி, தூண அறுத்துட்டா வெளிய வந்துரும்" என்றான் கொளஞ்சி.

"ஒன்ன அறுக்கறேன் மொதல்ல."

வேறு வழியில்லாமல் ரம்பத்தையே அறுத்தோம். அதிலும் அப்பா, "ஒட்டுன எடத்துல கை வெக்காத! பக்கத்துல அறு" என்று கத்தினார். பிறகு தூணுக்கு வெளியே வைத்துத் திரும்ப ஒட்டினோம். அதனால் இப்போது ரம்பத்தில் இரண்டு ஒட்டு, இரண்டும் கெட்டி. சக்கரத்தில் மாட்டியாகிவிட்டது. கரண்டு வந்ததும் உங்கள் மரத்தில்தான் பிள்ளையார் சுழி. தயவுசெய்து மரத்தை சபாபதி பட்டறைக்கு மாற்ற வண்டி அனுப்ப வேண்டாம். "தில்லநாதன் ஒட்டுன ரம்பத்துல வாழத்தண்டுதான் அறுக்கலாம்" என்று அவர் அப்பாவைப் பற்றி டீக்கடையில் சொன்னாராம். அதிலிருந்து அப்பா டீயை வீட்டில்தான் குடிக்கிறார்.

அத்தைக்கு என் வணக்கம். வாசக்கால் நிலைத்து, வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து நுழைந்து நிமிர்ந்து உட்காரும்படி வீடு நிறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்,
தி. தமிழ்ச்செல்வி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சபாபதி வந்துவிட்டார். தோளில் அறுந்த ரம்பம். "கடலூர்ல கட பூட்டிருக்கு" என்று தூணைப் பார்த்துச் சொன்னார். அப்பாவும் தூணைப் பார்த்தே, "உள்ள கொண்டாங்க. தூணுக்கு இந்தாண்ட புடிங்க" என்றார். கரண்டு வந்ததும் அப்பா சபாபதியின் ரம்பத்தைத்தான் முதலில் ஒட்டினார். ஒட்டி முடித்ததும் கரண்டு போய்விட்டது. சபாபதி பட்டறையில் ஜெனரேட்டர் இருக்கிறது. "நம்ம ஒட்டு அவுரு மெஷின்ல நிக்குதான்னு பாக்கணும்" என்று அப்பாவே உங்கள் மரத்தை அங்கே ஏற்றிவிட்டார். மரம் வாழைத்தண்டு மாதிரி அறுபட்டது மாமா. இந்தக் கடிதத்தோடு குட்டியானை வண்டியில் கொளஞ்சி கொண்டுவருவது அந்த மரம்தான். அதனால் மேலே எழுதிய வேண்டுகோளை மறந்துவிடவும். எங்கே அறுத்தது என்று யார் கேட்டாலும், ரம்பம் ஒட்டியது யார் என்று மட்டும் சொல்லச் சொன்னார் அப்பா. சபாபதியின் ரம்பத்துக்கும் அம்மா சந்தனம் பூசினார். கிரகப்பிரவேசத்துக்கு அத்தை எனக்கு ஏதாவது எடுப்பதாக இருந்தால், ஒரு துப்பட்டா போதும்.