காருக்கு டிரிப்ஸ் ஏற்றிய சனிக்கிழமை

வீடியோ பார்த்து வேலை கற்றுக்கொண்டவனைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். ஒரே வீடியோவை மூன்று முறை பார்த்தவனைக் கண்டால் ஊரைவிட்டே போய்விடுவது நல்லது. ஐந்து வருடங்களுக்கு முன்பு சேலையூரில் நான் அந்த இரண்டாவது ஆளாக இருந்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. நாள் முழுக்க அடுத்தவன் தப்பைச் சுட்டிக்காட்டிச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன்னிடமும் தப்பு இருக்கலாம் என்ற எண்ணம் மெல்ல மெல்லச் செத்துவிடும். எனக்கு அது முதல் வருடத்திலேயே செத்துவிட்டது.

என்னிடம் பதினெட்டு வயதான ஓர் ஆட்டோமேட்டிக் கார் இருந்தது. ஏன் ஆட்டோமேட்டிக் என்று கேட்பவர்களிடம் "டிராஃபிக்குக்கு வசதி" என்பேன். (உண்மையில், கிளட்ச் வைத்த காரை நான் மேம்பாலத்தில் ஏற்றினால் அது பின்னோக்கித்தான் போகும்.) கொஞ்ச நாட்களாக அது கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோலக் குலுங்கியது. மாடம்பாக்கத்து மெக்கானிக் பாஸ்கர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் ஆயில் மாத்தணும் சார். ரொம்ப வருஷமா யாரும் தொடல போல. திங்கக்கிழமை விடுங்க, பாத்துக்கலாம்" என்றார்.

ஆயில் மாற்றுவதற்கு ஒரு மெக்கானிக், அவருக்கு ஒரு திங்கட்கிழமை. எனக்குச் சிரிப்பாக வந்தது. அடியில் ஒரு நட்டு. திறந்தால் பழையது இறங்கும். மூடிவிட்டு மேலே புதியதை ஊற்ற வேண்டும். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? அன்றைக்கே நாலு லிட்டர் ஆயில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதே வேலையை அடுத்த வாரம் செய்திருந்தால் நான் வெறும் முட்டாளாக மட்டும் இருந்திருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கோவளத்தில் என் மனைவியின் அண்ணன் ஜெரால்டு புதுப் படகை முதல் முறையாகக் கடலில் இறக்குகிறான். படகுக்கு அவன் அம்மா பெயர்தான், மரியபுஷ்பம். முப்பது வருடம் கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஃபாதர் மந்திரித்ததும் என் மாமியாரான அந்த அத்தைதான் படகில் கைவைத்துத் தள்ளிவிட வேண்டும். முட்டி ஆபரேஷன் முடிந்து அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தார். இடது காலை மடக்க முடியாது, ஆட்டோவில் ஏற்ற முடியாது. காரின் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் பயணம். அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. மொத்த விசேஷத்திலும் எனக்குக் கொடுத்த ஒரே வேலை அதுதான்.

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். சனிக்கிழமை காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது மூலையில் இருந்த ஆயில் டப்பாக்களைப் பார்த்தாள். "நாளைக்கு போயிட்டு வர்ற வரைக்கும் அந்த வண்டியத் தொடாதீங்க. ப்ளீஸ்."

"அத்தை குலுங்காம போகணும்னுதான் பண்றேன்" என்றேன். எவ்வளவு கருணையான மருமகன் பாருங்கள்.

பத்து மணிக்கு முன் சக்கரங்களை அபார்ட்மென்ட் வாசல் சரிவில் ஏற்றி நிறுத்திவிட்டு அடியில் ஊர்ந்தேன். நட்டு திறந்தது. காய்ச்சிய டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில் இறங்கியது. பாதி, கீழே வைத்த இட்லி மாவுக் குண்டானுக்குள். மீதி என் தலையில். எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் திரும்ப ஊற்ற வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அளக்கலாம் என்று வெளியே வரும்போது குண்டானைக் காலால் உதைத்துக் கவிழ்த்தேன். எவ்வளவு வந்தது என்பது சரிவு வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

பரவாயில்லை என்று நட்டை மூடிவிட்டு, புது ஆயிலோடு பானெட்டைத் திறந்தேன். ஊற்றுவதற்கு வாயைத் தேடினேன். இல்லை. ஆயில் அளவு பார்க்கும் குச்சி ஒன்று ஒரு குழாய்க்குள் செருகியிருந்தது. அந்தக் குழாய்தான் வாய். என் சுண்டுவிரல்கூட நுழையாது. வீடியோக்காரர் நீளக் குழாய் வைத்த ஒரு புனலைக் காட்டி ஏதோ சொல்லியிருக்கிறார். அந்த இடத்தை மூன்று முறையும் நான் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஊற்றும் வழியைப் பார்க்காமலேயே உள்ளே இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சமையலறைப் புனலை வைத்து ஊற்றிப் பார்த்தேன். புது ஆயில் நல்ல சிவப்பு. அது இன்ஜின் மேல் வழிந்து, சொட்டி, வாசல்வரை ஓடியது. கடைக்குப் போய்ச் சரியான புனல் வாங்கியிருக்கலாம். ஆனால் கடைக்காரர் எதற்கு என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். தலையில் ஆயிலோடு நின்றுகொண்டு மானம் பார்த்தவன் நான்.

பால்கனியில் ஓர் இரும்பு ஸ்டாண்ட் நின்றது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம் ஸ்டெல்லா அத்தைக்கு வீட்டிலேயே டிரிப்ஸ் போட்டாள். பிரிக்காத டியூப் இரண்டு அலமாரியில் மீதி இருந்தன. உலகத்திலேயே நான்தான் அதிபுத்திசாலி என்று தோன்றிய கணம் அது.

பதினோரு மணிக்கு என் கார், பானெட்டைத் திறந்துகொண்டு, பக்கத்தில் ஸ்டாண்ட், ஸ்டாண்டில் தலைகீழாக ஆயில் டப்பா, அதிலிருந்து குழாய் வழியாகச் சிவப்பாக ஏதோ இறங்க, ஐ.சி.யூ.வில் படுத்திருந்தது.

அபார்ட்மென்ட் செயலாளர் சீனிவாசன் சார் காய்கறிப் பையோடு வந்தார். வாசலில் ஓடிய சிவப்பைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "எத்தனை பாட்டில் ஏத்தணுமாம்?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு, சார்."

"அட்டெண்டர் யாராவது கூட இருக்கணுமே" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் அத்தை வாக்கரைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் இறங்கி வந்துவிட்டார்.

"இன்னா மாப்ள, அது என் ஸ்டாண்டு தானே?"

"ஆமா அத்தை. கொஞ்ச நேரம்தான்."

"ஊத்துற வாய் எங்க கீதுன்னு பாத்துக்கினு தானே அடியத் தொறப்பாங்க? எங்க ஜெரால்டு எட்டாவது தாண்டாதவன். படகு இன்ஜினுல அவனுக்கே அது தெரியும்."

"இது ஆட்டோமேட்டிக் அத்தை. வேற டெக்னாலஜி" என்றேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோயாளியைப் பார்க்க வந்தவர்போலக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ஸ்டெல்லா வந்தாள். நேராக ஸ்டாண்டுக்குப் போய், பழக்க தோஷத்தில் டியூபைச் சுண்டிவிட்டு, வாட்ச்சைப் பார்த்துத் துளிகளை எண்ணினாள். "இந்த ஸ்பீடுல போனா பேஷண்ட் செவ்வாய்க்கிழமைதான் டிஸ்சார்ஜ்" என்றாள். பிறகு துளி விழும் அறையை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயை மட்டும் மாட்டிக் கொடுத்தாள். அது கொஞ்சம் வேகமாக இறங்கியது. சாயங்காலம் ஐந்தரைக்கு இரண்டரை லிட்டர் போயிருந்தது. குச்சியை எடுத்துப் பார்த்தேன். நிறைந்திருப்பதாகக் காட்டியது. பத்தடி முன்னால் ஓட்டினேன், பத்தடி பின்னால் ஓட்டினேன். கார் போனது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டு, 'மெக்கானிக்கை நம்பாதீர்கள்' என்று எழுதினேன். ஜெரால்டு பதில் போட்டான். 'சூப்பர் மச்சான். நாளைக்கு ஏழரைக்கு அம்மா இங்க இருக்கணும்.'

(அந்தக் குச்சியை இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். நிறுத்திவைத்துப் பார்த்தால் இல்லாத ஆயிலையும் இருப்பதாகக் காட்டும். இதுவும் வீடியோவில் இருந்தது.)

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அத்தை புதுப் பட்டுப்புடவையில், பின் சீட்டில் காலை நீட்டி, மடியில் மெழுகுவர்த்திகளோடு. வண்டலூர் சாலையில் குலுக்கலே இல்லை. "எப்படி அத்தை?" என்று இரண்டு முறை கேட்டேன். கேளம்பாக்கம் தாண்டியதும் இன்ஜின் திடீரென்று ஊளையிட்டது. மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறியது, வேகம் இறங்கியது. இரண்டு பக்கமும் உப்பங்கழி விரிந்து கிடந்த இடத்தில், ஒரு டீக்கடைகூட இல்லாத இடத்தில், கார் நின்றுவிட்டது.

"கொஞ்சம் ரெஸ்ட் விட்டா சரியாயிடும்" என்றேன்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தை திட்டவில்லை. கடல் இருந்த பக்கம் பார்த்தபடி, மெழுகுவர்த்திப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மணி ஆறு ஐம்பத்தைந்து. கோவளம் இன்னும் நாலு கிலோமீட்டர். நடக்கத் தெரிந்த யாரும் நடந்துவிடக்கூடிய தூரம். அவரால் முடியாது. அந்த ஐந்து நிமிடம் எனக்கு நானே எவ்வளவு அருவருப்பாக இருந்தேன் என்பதை இன்றும் சிரிப்பாக எழுத வரவில்லை.

ஸ்டெல்லா ஜெரால்டுக்கு போன் செய்தாள். பதினைந்து நிமிடத்தில் மீன் ஏற்றும் குட்டி லாரி ஒன்று ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. டிரைவர் இறங்கி, அத்தையின் காலைப் பார்த்தார், லாரியின் உயரத்தைப் பார்த்தார். "ஆயா இதுல ஏற முடியாது. காரோட கட்டி இழுத்துக்கினு போயிரலாம்" என்று வலைக்கயிற்றை எடுத்தார்.

அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. "ஆட்டோமேட்டிக் வண்டிய கட்டி இழுத்தா கியர்பாக்ஸ் கெட்டுடும் அத்தை. வீடியோல சொல்லியிருக்காங்க."

அத்தை முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். "கெட்டுப்போறதுக்கு இன்னும் இன்னா கீது அதுல? நீ கட்டுப்பா."

மீன் லாரி முன்னால் போக, கயிற்றின் முனையில் நாங்கள் போனோம். வழி முழுக்க ஐஸ் தண்ணீர் என் கண்ணாடியில் தெறித்தது. துடைப்பானைப் போட்டால் செதில் ஒட்டியது. கோவளம் கடற்கரைத் தெருவுக்குள் நுழைந்தபோது ஏழு முப்பத்தைந்து. பேண்டுக்காரர்கள் எங்களைப் பார்த்ததும், ஜெரால்டின் அம்மாவை இப்படி இழுத்து வருவதுதான் ஏற்பாடு என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தெருவே இரண்டு பக்கமும் வந்து நின்றது. அத்தை ஜன்னல் வழியாகக் கையசைத்தார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு இறங்கியது. அத்தை வாக்கரை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் படகில் வைத்துத் தள்ளினார். பின்னால் பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். அலை வந்து படகைத் தூக்கிக்கொண்டபோது அவர் அழுதார். திரும்பும் வழியில் ஃபாதர், மிச்சமிருந்த தீர்த்தத்தை யாரும் கேட்காமலேயே என் காரின் மேல் தெளித்துவிட்டுப் போனார்.

தீர்த்தம் பலிக்கவில்லை. கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்த பாஸ்கர் அதைத் துணியால் மூடிவிட்டார். கார் பழைய இரும்புக்குப் போனது. இப்போது ஸ்டெல்லா வாங்கிய கார் ஒன்று இருக்கிறது. அதன் பானெட்டை நான் இதுவரை திறந்ததில்லை. எந்த நெம்புகோலை இழுத்தால் திறக்கும் என்பதை அவள் சொல்ல மறுக்கிறாள்.

போன மாதம் ஜெரால்டு மகளைப் பெண் பார்க்க நெம்மேலியிலிருந்து வந்தார்கள். அத்தை இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார். அவரே என்னை அறிமுகப்படுத்தினார். "எங்க பெரிய மாப்ள. கம்ப்யூட்டர் கம்பெனில கீறாரு." பையனின் அப்பா எழுந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காருக்கு டிரிப்ஸ் போட்டது நீங்கதானா? எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் சார். ஊசி கூட போட்டீங்களாமே?"

ஊசி போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

"ரெண்டு ஊசி" என்றார்.