திருவிழா ராணி பெபாங் விஷயமாக

செபு,
சான் இசித்ரோ திருவிழாவுக்கு மறுநாள்.

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய நினாங் பெர்பெத்துவா அவர்களுக்கு,

எனக்கு ஞானத்தாயாக நின்ற பாவத்தை இன்று அனுபவிக்கும் தங்களுக்கு, ஞானமகன் கிரிசாந்தோ முழந்தாளிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமில்லை. அங்கே தங்கள் சுகத்தை விசாரிக்கத் தைரியமும் இல்லை.

நேற்று மாலை மேடையில், ஊரே பார்க்க, பெரிய திரையில் "இந்த வருட ராணி பெபாங்" என்று வந்ததற்கு முழுக் காரணம் அடியேனே. தாங்கள் கவுன் தைத்து, கிரீடத்துக்கு அளவெடுத்து நிறுத்தியது தங்கள் மகள் குளோரிபெல்லை. பெபாங், என் பக்கத்து வீட்டு நோங் தெபான் வளர்க்கும் பன்றி. தாங்கள் மைக்கைப் பிடுங்கி, "டேய் கிரிசாந்தோ! என் பொண்ணு பன்னிகிட்டயாடா தோத்தா?" என்று கேட்டது இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

நடந்தது இதுதான். ஓட்டு எண்ணும் புரோகிராம் எழுதியது நான். என் கம்ப்யூட்டரில், விவரத்தைச் சேர்த்து வைத்துக் கேட்டால் எடுத்துச் சொல்லும் ஒரே சர்வரின் இரண்டு வெர்ஷன் குடியிருக்கிறது, பழசு ஒன்று, புதுசு ஒன்று. ஏன்டா இரண்டு என்பீர்கள். நான் வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பெனிக்காரர் பழசைத் தொட்டால் கையை உடைப்பேன் என்கிறார், இன்னொருத்தர் புதுசு இல்லேன்னா பேசவே மாட்டேங்கிறார், நடுவுல நான் மத்தளம். ஊர் போன்ல போட்ட நிஜ ஓட்டெல்லாம் புதுசுல. பழசுல நான் சோதனைக்குப் போட்ட பொய் ஓட்டு. ஏதாவது ஒரு பேர் வேணுமே, அப்போ ஜன்னல்கிட்ட பெபாங் உறுமிக்கிட்டு நின்னுது, அதையே போட்டேன், வேற யாரைப் போடுறது நினாங்? ரெண்டுக்கும் ஒரே வாசல்தான் வேணும். எது முதல்ல எழுந்திருக்குதோ அது வாசல்ல உட்கார்ந்துக்கும், மத்தது சத்தம் போடாம படுத்துடும். மேடைத் திரைக்கு ஆள் அடையாளம் தெரியாது, வாசல்ல இருக்கறவங்க சொல்றதைக் காட்டும், அவ்வளவுதான். நேத்து பேண்டு வாசிக்கும்போது கரண்ட் போய் வந்துச்சே, அப்போ பழசு முந்திக்கிட்டு வாசல்ல உட்கார்ந்து, பெபாங்னு சொல்லிடுச்சு.

நோங் தெபான் அழுதுகிட்டே கிரீடத்தைப் பன்றி தலையில் வெச்சார். இன்னிக்கு பன்றியை முழுசா வாட்டி லெச்சோன் போட மூங்கிலோட வந்த ஆளை, "ராணியையா வாட்டப்போறே?"ன்னு தெருப் பிள்ளைங்க விரட்டிட்டாங்க. அதெல்லாம் போகட்டும். குளோரிபெல் அறைக் கதவைச் சாத்தினவள் திறக்கவே இல்லையாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை நினாங். அவ என் தங்கச்சி மாதிரி.

ஆகையால் ஃபாதர் அன்செல்மோவிடம் எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கிரீடம் பன்றியிடமிருந்து இறக்கப்பட்டு, முறைப்படி குளோரிபெல்லுக்குச் சூட்டப்படும். அன்று மதியமே பெபாங் மூங்கிலில் ஏறும். தங்கள் மானமும் ஊரின் சாப்பாடும் ஒரே நாளில் மீட்கப்படும்.

நினாங்கின் முழங்கால் வலி தீரவும், என் மேலுள்ள கோபம் அதற்கு முன்னாலேயே தீரவும் சான் இசித்ரோவை வேண்டும்,

தங்கள் பணிவுள்ள ஞானமகன்,
கிரிசாந்தோ

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், எதுக்கும் இருக்கட்டுமேன்னு வாசல்ல இருக்கிற சர்வரைப் பார்த்து, "நீ எந்த வெர்ஷன்?"னு கேட்டேன். முதல்லயே கேட்டிருக்கணும், புத்தி இல்லை. புதுசாம். பழசு போன மாசத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை, கரண்ட் போனதும் வந்ததும் அதுக்குத் தெரியாது. நேத்து திரையில் வந்தது நிஜ ஓட்டு நினாங். யாரும் விட்டுப்போகக் கூடாதுன்னு "வேறு பெயர்"னு ஒரு கட்டம் வைக்கச் சொன்னீங்களே, அதில்தான் ஊரே பெபாங்னு எழுதியிருக்கு. அதில் முதல் ஓட்டு எந்த போன்லேருந்துன்னு பார்த்தேன். குளோரிபெல் நம்பர். ஃபாதர்கிட்ட இதை இன்னும் சொல்லலை. ஞாயிற்றுக்கிழமை கிரீடம் வேணுமா வேண்டாமான்னு அவளை ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இதுவரைக்கும் யாருமே கேட்கலைன்னு நினைக்கிறேன்.