நிஷானின் பெட்டிகளும் எனது சிவப்பு மோட்டார் சைக்கிளும்

யேசு மரி சூசை

மொன்றியல்,
வைகாசி மாதம், ஞாயிறு, பூசை முடிந்த கையோடு.

அன்பின் மச்சான் நிஷானுக்கு, உம்முடைய அத்தான் நீக்கிலாப்பிள்ளை எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நானும் உம்முடைய அக்கா மாக்கிரட்டும் சுகம். நீரும் சுகமாக இருக்கவேண்டும், இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரையாவது. நீர் இருக்கிற டோர்வலுக்கு ஒரு ரெலிபோன் எடுத்தால் போதுமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர். உமக்குத் தபாலில் வருவதில்தானே நம்பிக்கை.

விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு வருசமாக நான் சீனத்து மோட்டார் சைக்கிளைக் கடை போட்டு விற்கிறேன். நீர் அதே சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துத் தபால் ஓடரில் விற்கிறீர். என்னிடம் வந்தால் தொட்டுப் பார்க்கலாம், ஏறி இருக்கலாம், ஸ்ரார்ட் பண்ணலாம், பிளேன்ரீயும் குடிக்கலாம். உம்மிடம் வாங்கினால் ஒரு பெட்டியும், பிரெஞ்சிலும் சீனத்திலும் எழுதின ஒரு புத்தகமும்தான். ஓடுகிற சைக்கிள் ஒன்று எந்நேரமும் கடையில் நிற்கவேண்டும் என்பது கம்பனிச் சட்டம். நிற்கிறதா என்று பார்க்க வாற வெள்ளி ரொறன்ரோவிலிருந்து ஆள் வருகிறார். இல்லையென்றால் ஏஜென்சியைப் பறித்துவிடுவார்கள். கடைக்குப் பூட்டுத்தான்.

நேரே கதைக்கு வாறன். விமானச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் வேலை செய்கிற அக்னெஸ் அக்காவுக்கு உம்முடைய பெட்டி வந்தது ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் புது வாகனங்களை ஃபாதர் மந்திரிக்கிற நாள். அதற்குள் சாமான்களைப் பொருத்திப் பூட்ட ஏலாமல் அக்கா பெட்டியை அப்படியே கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டா. ஃபாதர் தீர்த்தச் செம்போடு மட்டைப்பெட்டியைச் சுற்றிவந்து, "உள்ளுக்கு என்ன பிள்ளை?" என்று கேட்டார். "மோட்டச்சைக்கிள் ஃபாதர். இன்னும் வெளியிலை வரேல்லை" என்றா அக்கா. அவர் வாகனத்துக்குரிய செபத்தைச் சொன்னாரா, பிள்ளைத்தாய்ச்சிக்குரிய செபத்தைச் சொன்னாரா, எனக்குக் கேட்கவில்லை. வீட்டில் போய்த் திறந்தால் காபரேற்றர் இல்லை. அடுத்த நாள் அக்கா என் கடையில் நின்று கத்துகிறா: "உன்ரை மச்சான் என்னைப் பேய்க்காட்டிப்போட்டான்! வாற ஞாயிறு கோயிலிலை எல்லாருக்கும் சொல்லப்போறன்!" மாக்கிரட் என்னை ஒரு பார்வை பார்த்தா. முப்பது வருசம் குடும்பம் நடத்தினவனுக்கு அந்தப் பார்வை விளங்கும். உள்ளே போய், கம்பனிக்குக் காட்டக் கடையில் நின்ற ஒரே சிவப்புச் சைக்கிளின் காபரேற்றரைக் கழற்றிவந்து, "நிஷான் மாறி இங்கை அனுப்பிப்போட்டான் அக்கா" என்று கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த வாயால் பொய் சொல்லுறது ஒரு மாதிரி, திங்கட்கிழமை சொல்லுறது பரவாயில்லை.

அதோடு முடிந்ததா? சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிற ஆரூரன் வந்தான். "அண்ணை, ரெண்டு முன்சில்லு வந்திருக்கு, பின்சில்லைக் காணேல்லை." அவனுக்கு என் சிவப்புச் சைக்கிளின் பின்சக்கரம் போனது, அவனுடைய மேலதிக முன்சில்லு எனக்கு வந்தது. பேந்து செயின் இல்லையெண்டு ஒருத்தர், பிரேக் வயர் இல்லையெண்டு இன்னொருத்தர். எல்லாருக்கும் "நிஷான் கொடுத்துவிட்டவன்" எண்டுதான் சொன்னனான். இப்ப கோயிலடியிலை என்ன கதை தெரியுமே? "நிஷான் தங்கமான பொடியன், குறை சொன்னால் உடனை சாமான் வருது." என்ரை கடைக்குப் பேர் "நிஷான்ரை ஸ்ரோர்". வயித்தெரிச்சலாய்க் கிடக்கு மச்சான். உம்மடை பேரைக் காப்பாத்தி என்ரை பேர் போச்சு.

ஆகையால் இன்றோடு உமக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. உம்முடைய பெட்டி ஒன்றுகூட என் வாசல் மிதிக்கக்கூடாது. தபாலில் வாங்குகிற சைக்கிள் சைக்கிளே அல்ல. இது என் முடிந்த முடிவு.

புனித கிறிஸ்தோப்பர் உம்மையும் உம்முடைய மனிசி ஜெயனியையும் தெருவில் காக்கட்டும், அந்தோனியார் உம்முடைய பெட்டிகளில் காணாமல்போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தரட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அத்தான்,
நீக்கிலாப்பிள்ளை

பி.கு.: சிவப்புச் சைக்கிளில் இப்ப மிச்சம் சீற்றும், ரெண்டு முன்சில்லும், ஒரு கண்ணாடியும்தான். ஏறி இருக்கலாம், வேறொண்டும் செய்ய ஏலாது. வெள்ளிக்கு முதல் ஒரு பெட்டி வேணும், சிவப்பு. தபாலிலை மட்டும் போட்டுவிடாதேயும், நீரே கொண்டுவாரும். தபாலை நம்பேலாது, இந்தக் கடிதத்தையே மாக்கிரட்டிட்டைத்தான் கொடுத்துவிடுறன், புட்டும் மீன்குழம்பும் கட்டியிருக்கிறா. வந்து பூட்டியும் தாரும் மச்சான். எனக்குக் கழட்டத்தான் தெரியும்.