மலைக்குக் கிளம்பிக் கடலுக்குப் போன வேன்

கண்டமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி ஜெகதீசன் அவர்களுக்கு, துரைக்கண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கிருஷ்ணவேணியும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே திண்டிவனத்தில் நீங்களும், சம்பந்தியம்மாவும், உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் என் மகன் பிரவீன்குமாரும், மருமகள் ஆர்த்தியும், எல்லோரையும் விட முக்கியமாகப் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். மூன்று நாளாகப் போன் செய்கிறேன், நீங்கள் எடுப்பதில்லை. கோபம் நியாயமானதுதான். கூரியர்காரர் நீட்டினால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நடந்ததை ஆர்த்தி சொல்லியிருப்பாள். மரியாதை தெரிந்த பெண், மாமனார் தப்பில் பாதியை மறைத்துத்தான் சொல்லியிருப்பாள். மறைத்த பாதி இது. பிரசவ லீவு முடிந்து சென்னையில் வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால், பாப்பாவை முதுகில் சுமந்துகொண்டு செஞ்சிப் பக்கம் ஒரு மலையில் ஏறி, ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கி, மறுநாள் இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை. தவழ ஆரம்பித்த குழந்தையோடு மலையா என்று நான் பயந்தது உண்மை. ஆனால் அவள் போட்டிருந்த திட்டத்தைப் பார்த்து அசந்து போனேன். எங்கே தண்ணீர், எங்கே நிழலில் உட்கார்ந்து துணி மாற்றலாம், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்தச் சரிவில் சீக்கிரம் இறங்கலாம் என்று போனில் கோடு போட்டு வைத்திருந்தாள். காட்டுக்குள் போக அனுமதியும் வாங்கிவிட்டாள். பாப்பாவும் பையும் சேர்ந்து முதுகு தாங்க வேண்டுமே என்று ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்து, கடைசியில் துவட்டுகிற துண்டைக்கூடப் பாதியாக வெட்டி வைத்தாள். நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்க வேண்டும் சம்பந்தி. போகவில்லை. "எல்லாம் சரிம்மா, அடிவாரத்துக்கு எதுல போறீங்க?" என்று கேட்டேன். "பஸ்லதான் மாமா" என்றாள். "கைக்கொழந்தய வச்சிக்கினு பஸ்லயா? நான் வேன் சொல்றேன்" என்றேன். கெட்டது அங்கேதான்.

வேன் என்று வந்த பிறகு அதில் பிரவீன், ஆர்த்தி, பாப்பா என்று மூன்று பேர் மட்டும் போனால் ஊரில் என்ன நினைப்பார்கள்? அடிவாரம் வரை வழியனுப்ப நானும் கிருஷ்ணவேணியும் ஏறினோம். என் தங்கை கலைமதி, திருஷ்டி கழிக்க ஆள் வேண்டும் என்று தானே ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்புகிற நேரத்தில் கிருஷ்ணவேணி, "இன்னாங்க, பாப்பா மொத மொத வெளிய கெளம்புது. பொம்மையார்பாளையத்துல என் தங்கச்சி வீட்டுல காட்டாம போனா அவ மூஞ்சில எப்டி முழிப்பேன்?" என்றாள். பிரவீன், "அம்மா, மலை மேற்கால இருக்குது, நீ கிழக்கால போவ சொல்ற" என்றான். நான்தான், "இன்னாடா பெரிய கிழக்கு மேற்கு, ஜல்தியா போய் தலைய காட்டிட்டு வந்துடலாம்" என்று டிரைவருக்குக் கை காட்டினேன். மலைக்குப் போக வேண்டிய வண்டி கடலுக்குப் போனது. முதல் தடவை வீட்டுக்கு வருகிற குழந்தையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? கொழுந்தியாள் ஒரு கவுனும், ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடும் கொடுத்தாள். அங்கே போய்விட்டு விழுப்புரத்தில் என் பெரியப்பா மகன் நடராசன் வீட்டை விட்டுவிட்டால் அவர் சும்மா இருப்பாரா? வாசலிலேயே பாயைப் போட்டு, இலையைப் போட்டு, சாப்பிட்டால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது ஒரு பலாப்பழம். செஞ்சிக்கு முன்னால் தென்னரசு மச்சான் வீடு. அங்கே மல்லாட்டைக் கடலை ஒரு மூட்டை, உயிரோடு ஒரு பெட்டைக்கோழி, "கொழந்த பேர்ல வளத்துக்கோம்மா" என்று ஆர்த்தி கையிலேயே கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பாப்பாவைக் கை மாற்றிக் கை மாற்றி வாங்கினார்கள், தொடையில் கிள்ளினார்கள், சர்க்கரையை வாயில் வைத்தார்கள். பாப்பா அழுதழுது குரல் கம்மிவிட்டது. துண்டைப் பாதியாக வெட்டின பெண், மடியில் கோழியை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பெண்ணுக்கு நம் சனங்களைப் பிடித்துப் போய்விட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அடிவாரத்துக்குப் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது. வனக் காவலர் அனுமதிச் சீட்டைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். "இனிமே ஏற விடமாட்டோம் சார், சீட்டு இன்னிக்கி தேதிக்குத்தான். கொழந்த வேற இருக்குது" என்றார். நான் அவரிடம் கெஞ்சினேன், ஒரு பலாச்சுளைகூட நீட்டினேன். அவர் சுளையை வாங்கிக்கொள்ளவும் இல்லை, வழி விடவும் இல்லை. கலைமதி, "எல்லாம் நல்லதுக்குத்தான், வாங்க வீட்டுக்குப் போய் கோழி அடிச்சி கொழம்பு வைக்கலாம்" என்றாள். அப்போதுதான் ஆர்த்தி வாயைத் திறந்தாள். கத்தவில்லை. "மாமா, மலை மேல எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. பொறந்ததுலருந்து பாப்பா யாராவது ஒருத்தர் கையிலயேதான் இருக்குது. திங்கக்கிழமையிலருந்து நான் ஆபீசு போயிடுவேன். ஒரே ஒரு நாளு, யாரும் 'குடு குடு'ன்னு கேக்காம என்கூட வச்சிக்கினு இருக்கணும்னுதான் போறேன்னு சொன்னேன்" என்றாள். சம்பந்தி, காலையிலிருந்து நானே அந்தக் குழந்தையை எத்தனை முறை "குடும்மா" என்று வாங்கினேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அவர்கள் அங்கிருந்தே நேராக உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். நாங்கள் கோழியோடு வேனில் ஊர் திரும்பினோம்.

நான் செய்தது தப்பு. அதற்கு உறவு, முறை, மரியாதை என்று சாக்குச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெண் தன் குழந்தையோடு இருக்க ஒரு நாள் கேட்டாள், அதை நான் வீடு வீடாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். நினைத்தால் சோறு இறங்கவில்லை. இன்னொரு முறை அவர்கள் கிளம்பினால் நான் வேன் சொல்லமாட்டேன், வழி கேட்கமாட்டேன், வாசல் வரைகூட வரமாட்டேன். இது என் பேத்தி மேல் சத்தியம். இதை நீங்கள் ஆர்த்தியிடம் வாசித்துக் காட்டினால் ஒரு பெரிய பாரம் இறங்கும்.

குழந்தைக்கு என் முத்தங்கள். பிள்ளைகள் இருவரும் குறையில்லாமல் வாழ என் ஆசி. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். கோழி நலம், முட்டை வைக்கிறது.

இப்படிக்கு,
தலை குனிந்த
துரைக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஆர்த்தியிடமிருந்து போட்டோ வந்தது. மறுபடி அனுமதி வாங்கி இன்று விடியலிலேயே ஏறிவிட்டார்களாம். நீங்கள் ஏன் போனை எடுக்கவில்லை என்பது இப்போது விளங்குகிறது, என்னிடம் பொய் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. பாறை மேல் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பாப்பா வாயெல்லாம் சிரிப்பு. "கோவம் இல்ல மாமா. உங்களுக்கு மட்டும்தான் அனுப்புறேன். இந்தத் தடவ யாரும் வர வேணாம்" என்று எழுதியிருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாப்பா தலையில் குல்லா இல்லை. அந்த மலைக் காற்றில் இரண்டு காதும் திறந்து கிடக்கின்றன. ஆகவே நான் மட்டும் போய், குல்லாவை அடிவாரத்தில் காவலரிடம் கொடுத்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் திரும்பிவிடுவேன். கிருஷ்ணவேணி ஓம வாட்டர் எடுத்து வைத்திருக்கிறாள், அதை நான் வழியில் கொட்டிவிடுவேனாம், அதனால் அவளும் வருகிறாள். கலைமதி ஏற்கெனவே வேனில் உட்கார்ந்திருக்கிறாள். திண்டிவனம் எங்களுக்குச் சுற்று வழிதான். இருந்தாலும் சம்பந்தியை விட்டுவிட்டுப் போனால் அது மரியாதையாக இருக்காது. கூரியர் நாளைக்குத்தான் வரும் என்பதால் இதைப் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கே அனுப்புகிறேன். தயாராக இருங்கள்.